டோட்டல் கவுண்ட் நார்மல்தான் அக்கா

மக்களே, ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. நாலஞ்சு தடவை எழுத ஆரம்பிச்சு, ரெண்டு பாராவுக்கு மேல போக முடியாம மூடி வச்சிட்டேன். போன வாரம் பழைய லேப்டாப்பை சித்தி பையனுக்குக் குடுக்கறதுக்காக ஒவ்வொரு ஃபோல்டரா காலி பண்ணிட்டு இருந்தப்ப, 'அப்பா ரத்தம்'னு ஒரு எக்செல் ஃபைல் கண்ணுல பட்டுச்சு. திறந்தேன். அதோட அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. சரி, இந்தத் தடவை எழுதி முடிச்சிடணும்னு உட்கார்ந்துட்டேன்.

வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். கும்மிக்கு அடுத்த பதிவுல இடம் ஒதுக்கறேன்.

கதை 2021 மே மாசம், எங்க ஊர் ஓசூர்ல நடந்தது. அதுக்கு முந்தின வருஷம் எங்க மாவட்டத்துக்கு ஒரு பெருமை இருந்துச்சு. 2020 ஏப்ரல் 30-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு மாவட்டங்களைப் பிரிச்சு ஒரு பட்டியல் போட்டாங்க இல்லையா, அதுல தமிழ்நாட்டுலயே பச்சையா இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரிதான். நான்கூட அதை வாட்ஸப் ஸ்டேட்டஸா வச்சு, சென்னையில இருக்கற ஃபிரண்ட்ஸை வெறுப்பேத்தினேன். அந்தப் பச்சை சில நாள்கூட நிக்கல.

2021-ல நிலைமையே வேற. மே 5-ம் தேதி கர்நாடகாவுல ஒரே நாள்ல 50,000 பேருக்கு மேல பாசிட்டிவ். மே 21-ம் தேதி தமிழ்நாட்டுல ஒரு நாள் கணக்கு 36,000-ஐத் தாண்டுச்சு. நாங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு பெரிய வியாதின்னா ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டி, அத்திப்பள்ளி வழியா பெங்களூர்தான். அந்த மே மாசம் அந்தப் பக்கமும் படுக்கை இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. பெங்களூர்ல அரசு ஒதுக்கீட்டுப் படுக்கை வேணும்னா பி.யு. நம்பர்னு ஒண்ணு கேப்பாங்க. அது பெங்களூர் நகரக் கணக்குல பாசிட்டிவ் ஆனவங்களுக்கு வர்ற நம்பர். ஓசூர்ல டெஸ்ட் எடுத்தவன் அதுக்கு எங்க போவான்?

அப்பாவுக்கு அப்ப 58 வயசு. சிப்காட் ஃபேஸ் ஒன்ல ஒரு பட்டறையில லேத் ஓட்டிட்டு இருந்தார். மே 8-ம் தேதி காய்ச்சல். ரெண்டு நாள்ல பாசிட்டிவ்னு ரிசல்ட். வீட்டுலயே தனியா ஒரு ரூம்ல வச்சிருந்தோம். 15-ம் தேதி காலையில ஆக்ஸிமீட்டர்ல 92 காட்டுச்சு. யார் யாரையோ பிடிச்சு, ஊருக்குள்ளயே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில ஒரு பெட் கிடைச்சுது. பேர் வேண்டாம்.

உள்ள யாரையும் விடமாட்டாங்க. வெளியில ஒரு வேப்ப மரம். அதுக்கடியில பத்துப் பதினைஞ்சு பேர். எல்லாரும் யாரையோ உள்ள அனுப்பிட்டு, ஃபோனையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்போம். எனக்கு வேலையில சேர்ந்து மூணு வருஷம். ஊரடங்குனால வீட்டுலேர்ந்து பொட்டி தட்டிட்டு இருந்தவன், லேப்டாப்பைத் தூக்கிட்டு மரத்தடிக்கு ஆபீஸை மாத்திட்டேன். அங்க எனக்கு வச்ச பேர் 'கம்ப்யூட்டர் தம்பி'.

ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வாட்ஸப்ல ரத்த ரிப்போர்ட் அனுப்புவாங்க. சி.பி.சி., அதாவது ரத்த அணுக்களோட முழு எண்ணிக்கை. டாக்டர் ஃபோன்ல பேசறது ஒரு நிமிஷம், "ஸ்டேபிளா இருக்கார்"னு. அந்த ஒரு நிமிஷத்தை வச்சுட்டு மிச்ச இருபத்தி மூணு மணி ஐம்பத்தொன்பது நிமிஷத்தை எப்படி ஓட்டறது? கையில இருந்தது அந்த ரிப்போர்ட் மட்டும்தான். நான் இஞ்சினியர் வேற. எண் கிடைச்சா கட்டம் போட்டுடுவோம்ல. எக்செல் திறந்தாச்சு.

முதல் ரிப்போர்ட்: வெள்ளை அணு மொத்தம் 4,200. நியூட்ரோபில் 72 சதவீதம், லிம்போசைட் 20, மோனோசைட் 8, ஈசினோபில் 0. பிளேட்லெட் 1 லட்சத்து 60 ஆயிரம்.

எனக்கு அப்ப தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஒண்ணு, டோட்டல் கவுண்ட் 4,000-லேர்ந்து 11,000 வரைக்கும் இருந்தா நார்மல். இன்னொண்ணு, பிளேட்லெட் குறைஞ்சா ஆபத்து. ரெண்டாவது விஷயம் எனக்கு மட்டும் இல்ல, மரத்தடியில இருந்த எல்லாருக்கும் தெரியும். 2017-ல டெங்கு வந்தப்ப தமிழ்நாடே கத்துக்கிட்ட பாடம் அது. பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கசாயம், "பிளேட்லெட் எவ்ளோ?"ங்கற கேள்வி. காய்ச்சல்னு யாராவது படுத்தா இன்னைக்கும் எங்க தெருவுல முதல் கேள்வி அதுதான். கொரோனாவுக்கும் அதே கண்ணாடியைப் போட்டுத்தான் பார்த்தோம்.

மே 16. அப்பாவைச் சேர்த்த மறுநாள். கேட்டுக்கிட்ட ஒரு அக்கா வந்து நின்னாங்க. பூ கட்டி விக்கறவங்க. வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ், வீட்டுலதான் இருக்கார், இங்க பெட் கிடைக்குமான்னு கேக்க வந்திருந்தாங்க. இல்லன்னு செக்யூரிட்டி சொல்லிட்டார். திரும்பிப் போறப்ப யாரோ என்னைக் கை காட்டியிருக்காங்க.

"தம்பி, ரத்தம் டெஸ்ட் எடுத்தோம்ப்பா. இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றியா? நான் படிக்காதவ."

மடிச்சு வச்சிருந்த பேப்பரைப் பிரிச்சுக் குடுத்தாங்க. கையில வாங்கப் பயம், ஃபோன்லயே ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். டோட்டல் கவுண்ட் 7,600. பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம். எங்கப்பாவோடதைவிட ரெண்டுமே நல்லா இருந்துச்சு. கீழ நியூட்ரோபில் 88, லிம்போசைட் 8. எட்டுக்குப் பக்கத்துல 'குறைவு'ன்னு ஒரு சின்னக் குறி இருந்துச்சு. பார்த்தேன். பார்க்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பெருசா எடுத்துக்கல. கோடு கம்பைல் பண்றப்ப எரர் வந்தா நிப்போம், வார்னிங் வந்தா தாண்டிப் போயிட்டே இருப்போம் இல்லையா, அந்தப் பழக்கம்.

"டோட்டல் கவுண்ட் நார்மல்தான் அக்கா. பிளேட்லெட்டும் நல்லா இருக்கு. பயப்படாதீங்க."

அந்த அக்கா முகத்துல வந்த நிம்மதியை எனக்கு இன்னைக்கும் எழுதத் தெரியல. "நல்லா இருப்பப்பா"ன்னு சொல்லிட்டு, டிவிஎஸ் எக்ஸெல்லை ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிட்டாங்க.

நான் கேக்காம விட்ட கேள்விகளை அப்பறம் சொல்றேன்.

மறுநாள் அப்பாவோட அடுத்த ரிப்போர்ட் வந்துச்சு. மொத்தம் 5,100. நியூட்ரோபில் 82, லிம்போசைட் 13. எக்செல்ல கோடு போட்டுப் பார்த்தா லிம்போசைட் கீழ போகுது. அப்பதான் முதல் தடவையா, சரி இது என்ன சமாச்சாரம்னு உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். ராத்திரி பூரா கொசுக்கடியில படிப்பு. (செமஸ்டருக்கு இப்படிப் படிச்சிருந்தா இந்நேரம் எங்கயோ இருந்திருப்பேன்.)

படிச்சதைச் சுருக்கமா சொல்றேன். வெள்ளை அணுங்கறது ஒரே ஆள் இல்ல, ஒரு கூட்டம். அதுல நியூட்ரோபில்தான் மெஜாரிட்டி. பாக்டீரியாவோ வீக்கமோ வந்தா முதல்ல ஓடறது இதுதான். லிம்போசைட் கொஞ்சம் மூளைக்கார ஆள். வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு கொல்றது, எதிர்ப்புப் பொருள் தயாரிக்கறது எல்லாம் இது. சாதாரணமா இது 20-லேர்ந்து 40 சதவீதம் இருக்கும்.

2020 ஜனவரி கடைசியில 'லான்செட்'ல வந்த முதல் கட்டுரையிலயே இந்த விஷயம் இருக்கு. வூஹான்ல ஆஸ்பத்திரியில சேர்ந்த 41 பேர்ல 26 பேருக்கு லிம்போசைட் குறைஞ்சிருந்துச்சு. அடுத்த மாசம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல்'ல இன்னும் பெரிய கணக்கு: சீனாவுல 552 ஆஸ்பத்திரிகள்லேர்ந்து 1,099 நோயாளிகள். சேரும்போதே லிம்போசைட் 1,500-க்குக் கீழ இருந்தவங்க 83 சதவீதம். பிளேட்லெட் 1.5 லட்சத்துக்குக் கீழ இருந்தவங்க 36 சதவீதம்தான். மொத்த வெள்ளை அணு 4,000-க்குக் கீழ இருந்தவங்க மூணுல ஒரு பங்கு. அதாவது, நான் தேடிட்டு இருந்த ரெண்டு இடத்துலயும் பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. விஷயம் இருந்தது மூணாவது இடத்துல.

ஏன் குறையுதுன்னா ஒரே காரணம் இல்ல. உடம்புல வீக்கத்தைக் கிளப்பற சைட்டோகைன்கள் அளவு மீறிப் போறப்ப லிம்போசைட்டுகள் தானே அழிஞ்சு போகுது. ஒரு பங்கு ரத்தத்தை விட்டு நுரையீரல் மாதிரி சண்டை நடக்கற இடத்துக்குப் போயிடுது. அதே நேரத்துல நியூட்ரோபில் ஏறுது. அதனாலதான் டாக்டர்கள் ரெண்டையும் வகுத்து ஒரு விகிதம் பார்ப்பாங்க. என்.எல்.ஆர்.னு சொல்றது அதைத்தான். நல்லா இருக்கற ஆளுக்கு அது ரெண்டு மூணுக்குள்ள நிக்கும். நோய் தீவிரமானவங்களுக்கு இது அதிகமா இருக்குன்னு 2020-லயே நிறைய பேர் கண்டு எழுதியிருந்தாங்க.

இன்னொரு விஷயம். சதவீதம் ஏமாத்தும். மொத்த எண்ணிக்கையை சதவீதத்தால பெருக்கி நூறால வகுத்தாதான் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும். அப்பாவுக்கு முதல் நாள் 4,200-ல 20 சதவீதம், அதாவது 840. மூணாம் நாள் 5,100-ல 13 சதவீதம், 663. பெரியவங்களுக்கு 1,000-க்கு மேலயாவது இருக்கணும். என் எக்செல்ல ரெண்டு புது காலம் சேர்ந்துச்சு.

நடுவுல ஒரு கிளைக்கதை, நம்ம ஜாதிக்காரங்களுக்காக (இஞ்சினியர் ஜாதியைச் சொல்றேன்!). இந்த அணுக்களை எண்ணற மெஷினோட அடிப்படையைக் கண்டுபிடிச்சவர் டாக்டர் இல்ல, வாலஸ் கூல்ட்டர்னு ஒரு எலக்ட்ரிகல் ஆசாமி. உப்புத் தண்ணியில ரத்தத்தைக் கலந்து, ரொம்பச் சின்ன ஓட்டை வழியா விட்டு, குறுக்க கரண்ட் பாய்ச்சினா ஒவ்வொரு அணு தாண்டறப்பவும் ஒரு துடிப்பு விழும். துடிப்பை எண்ணினா அணுவை எண்ணின மாதிரி. துடிப்போட உயரம் அணுவோட பருமன். முதல் ஓட்டையை சிகரெட் பாக்கெட் மேல சுத்தி இருக்கற கண்ணாடிக் காகிதத்துல சுட்ட ஊசியால போட்டாராம். பேட்டண்ட் கிடைச்சது 1953. அதுக்கு முன்னாடி மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சு ஒவ்வொண்ணா எண்ணினாங்க. ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் எடுத்துட்டுப் போனா, நிமிஷத்துல பேப்பர் வருதே, அதுக்குப் பின்னாடி இருக்கறது இந்த ஓட்டைதான். மெஷின் எண்ணிடும். அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்ற வேலையை அது எடுத்துக்கல. அதை நானா எடுத்துக்கிட்டதுதான் பிரச்சனை.

17-ம் தேதி சாயங்காலம் அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வச்சாங்க. நிமிஷத்துக்கு 6 லிட்டர். கூடவே டெக்ஸாமெத்தசோன்னு ஸ்டீராய்டு ஊசி.

19-ம் தேதி ரிப்போர்ட் வந்தப்ப எனக்குக் கை நடுங்கிடுச்சு. மொத்தம் 11,800. நியூட்ரோபில் 90. லிம்போசைட் 6. ஈசினோபில் அதே 0. என்.எல்.ஆர். 15! ரெண்டு நாள் முன்னாடி ஆறேகால் இருந்துச்சு. எக்செல் கோடு செங்குத்தா மேல ஏறுது. நான் படிச்ச கட்டுரை எல்லாத்துலயும் இந்தக் கோடு போய் முடியற இடம் ஒண்ணுதான்.

பெங்களூருக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பொம்மசந்திரா பக்கம் தனியார்ல ஒரு பெட் இருக்கலாம்னு யாரோ சொன்னாங்க, 'இருக்கலாம்'. ஆம்புலன்ஸ் டிரைவர்கிட்ட பேசியாச்சு. "சார், பார்டர்ல நிறுத்துவாங்க. அங்க போய் பெட் இல்லன்னு சொல்லிட்டா திரும்பி வர்ற வரைக்கும் சிலிண்டர் தாங்குமான்னு நான் கேரண்டி தர முடியாது"ன்னார். அப்பவும் நான் சரின்னுட்டேன். அம்மாகிட்டகூட கேக்கல.

ட்யூட்டி டாக்டர் ஒரு பொண்ணு, என்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். டிஸ்சார்ஜ் பண்ணிடுங்கன்னு நான் சொன்னதும் பி.பி.ஈ.யைக் கழட்டிட்டு வெளிய வந்தாங்க. கண்ணாடி அழுத்தின தடம் மூக்கு மேல அப்படியே இருந்துச்சு. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன், முழுசாப் பார்த்தாங்க.

"இந்த ஷீட்ல ஒரு காலம் குறையுது சார். என்ன மருந்து, எப்ப ஆரம்பிச்சதுன்னு போடலயே."

"..."

"17-ம் தேதி ஈவினிங் ஸ்டீராய்டு ஆரம்பிச்சோம். ஸ்டீராய்டு போட்டா நியூட்ரோபில் ஏறும். ரத்தக் குழாய் சுவர்ல ஒட்டிட்டு சும்மா நிக்கற நியூட்ரோபில் எல்லாம் ஓட்டத்துல இறங்கிடும். பஸ் ஸ்டாண்ட் ஓரத்துல நிக்கற கூட்டம் ரோட்டுக்கு வந்த மாதிரி. லிம்போசைட்டை அதே மருந்து கொஞ்சம் குறைக்கவும் செய்யும். அதனால இந்த ரேஷியோவை மருந்துக்கு முன்னாடி, பின்னாடின்னு ஒரே கோட்டுல போட்டீங்கன்னா தப்பாதான் தெரியும். இன்ஃபெக்‌ஷன் ஏதாவது சேர்ந்தாலும் கவுண்ட் ஏறும், அதையும் பார்த்துட்டுதான் இருக்கோம். நீங்களே பெருக்கிப் பாருங்க."

11,800-ல 6 சதவீதம். 708. ரெண்டு நாள் முன்னாடி 663.

சதவீதம் பாதிக்கு மேல விழுந்திருக்கு, எண்ணிக்கை விழல. கொஞ்சம் ஏறியே இருக்கு. ரெண்டு காலமும் என் ஷீட்லயே பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. பயத்துல நான் பார்த்தது ஏறுற கோட்டை மட்டும்தான்.

"முக்கியமா, நேத்து 6 லிட்டர் போயிட்டு இருந்துச்சு, இன்னைக்கு 4 லிட்டர்ல 95 நிக்குது. மூச்சு வேகம் குறைஞ்சிருக்கு. சி.ஆர்.பி. இறங்குது. நான் உங்கப்பாவைப் பார்த்துட்டு அப்பறம்தான் பேப்பரைப் பார்க்கறேன் சார். நீங்க பேப்பரை மட்டும் பார்க்கறீங்க. உங்க மேல தப்பு இல்ல, உங்களை உள்ள விடல. ஆனா இந்த நிலைமையில ஆம்புலன்ஸ்ல ஏத்தி பார்டர் தாண்டறதுதான் ரிஸ்க்."

ஆம்புலன்ஸை வேண்டாம்னு சொல்லிட்டேன்.

அந்த ஸ்டீராய்டு விஷயத்தையும் அன்னைக்கு ராத்திரி படிச்சேன். 2020 ஜூன்ல பிரிட்டன்ல 'ரெகவரி'ங்கற பெரிய ஆய்வுல கண்டுபிடிச்சது: வென்டிலேட்டர்ல இருந்தவங்க மரணத்தை மூணுல ஒரு பங்கும், ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவங்க மரணத்தை அஞ்சுல ஒரு பங்கும் இந்த விலை மலிவான மருந்து குறைச்சுது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவங்களுக்கு எந்தப் பலனும் இல்ல. அதாவது மருந்துக்கும் 'எப்ப'ங்கறது இருக்கு.

இதையெல்லாம் படிச்சுட்டு இருந்தப்பதான், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அந்த அக்காவோட போட்டோ ஞாபகம் வந்துச்சு.

ஃபோன்ல தேடி எடுத்தேன். 7,600-ல 8 சதவீதம். 608.

எங்கப்பாவோட எல்லா ரிப்போர்ட்டையும்விடக் குறைவு. 88-ஐ எட்டால வகுத்தா பதினொண்ணு. அவர் வீட்டுல இருந்தார், ஸ்டீராய்டு போட்டதா அவங்க சொல்லல. சொல்லலன்னா என்ன, நான் கேக்கவே இல்ல. காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள்னு கேக்கல. ஆக்ஸிமீட்டர் இருக்கான்னு கேக்கல. மூச்சு வாங்குதா, நாலு அடி நடந்தா இளைக்குதான்னு கேக்கல. ஒரு டாக்டரா இருந்தா பேப்பரைத் தொடறதுக்கு முன்னாடி கேட்டிருப்பாங்க. நான் கேட்டதெல்லாம் 'போட்டோ எடுத்துக்கவா அக்கா'.

காலையில ஆறு மணிக்கு நம்பர் விசாரிச்சு ஃபோன் பண்ணேன். அவங்க தம்பி எடுத்தார். 18-ம் தேதி ராத்திரியே மூச்சுத் திணறல் வந்து, சேலம் வரைக்கும் அலைஞ்சு, எங்கயோ சேர்த்துட்டாங்களாம். சேர்க்கறப்ப சாச்சுரேஷன் எழுபத்திச் சொச்சம். 22-ம் தேதி தவறிட்டார்.

16-ம் தேதியே நான் 'உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க அக்கா'ன்னு சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாரா? தெரியாது. பெட்டே இல்லாத வாரம் அது. சொல்லியிருந்தாலும் அலைஞ்சிருப்பாங்க, அலைஞ்சும் கிடைச்சிருக்காதுன்னு எனக்கு நானே நிறைய தடவை வாதாடியிருக்கேன். ஆனா அந்த ரெண்டு நாள் அவங்க தேடாம வீட்டுல இருந்தாங்க. அதுக்குக் காரணம், கம்ப்யூட்டர் படிச்ச ஒரு பையன் நார்மல்னு சொன்னது.

அப்பாவோட ஷீட்டுல மிச்ச வரிகள்: 22-ம் தேதி மொத்தம் 10,400, லிம்போசைட் 11 சதவீதம், எண்ணிக்கை 1,144. ஈசினோபில் முதல் தடவையா 1. (கொரோனாவுல இது பூஜ்யத்துக்குப் போயிட்டு, தேற ஆரம்பிக்கறப்ப திரும்பி வர்றது வழக்கமாம்.) 26-ம் தேதி 9,000, லிம்போசைட் 19 சதவீதம், 1,710. 28-ம் தேதி வீட்டுக்கு வந்துட்டார். அவரோட எண்ணிக்கை நாலு இலக்கத்துக்கு ஏறின அதே 22-ம் தேதிதான் அந்த மனுஷர் போனது. ஃபைலை மறுபடி திறந்தப்பதான் அந்தத் தேதி கண்ணுல குத்துச்சு.

அப்பா தேறினதுக்கு அப்பறம் ஒரு நாள் இந்த ஷீட்டைக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன், அந்த அக்கா விஷயத்தையும். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் லேத் பாஷையில சொன்னார்:

"கண்ணு, ஷாஃப்ட் அளக்கறப்ப ஒவ்வொரு பீஸும் டாலரன்ஸ்க்குள்ளதான் இருக்கும். ஆனா பத்து பீஸ் தொடர்ந்து ஒரே பக்கமா ஏறிட்டே போச்சுன்னா, டூல் தேயுதுன்னு அர்த்தம். ரிஜெக்ட் ஆகறதுக்கு முன்னாடியே மெஷினை நிறுத்தணும். டூல் மாத்தின உடனே அளவு குதிக்கும், அதுக்காகப் பயந்துக்கக் கூடாது. புதுசா வந்த பையன் ஒரே ஒரு பீஸை அளந்துட்டு ஓகேம்பான். நீ அவன் பண்ற வேலையைப் பண்ணியிருக்க."

நாப்பது வருஷமா மைக்ரோமீட்டர் பிடிச்ச கை. நான் மூணு ராத்திரி படிச்சதை மூணு வரியில சொல்லிட்டார். ஆறுதல் ஒண்ணும் சொல்லல. அதுவும் சரிதான்.

அந்த அக்கா இன்னும் பூ விக்கறாங்க. அந்த வழியா போறப்ப வண்டியை நிறுத்தி ரெண்டு முழம் வாங்குவேன். "அப்பா எப்படி இருக்காருப்பா?"ன்னு கேப்பாங்க. நல்லா இருக்கார்னு சொல்றதுக்கே எனக்கு வாய் வராது. அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு இதுவரைக்கும் அவங்ககிட்ட சொல்லல. சொல்லணுமா? சொன்னா என் பாரம் இறங்கும், அவங்களுக்குப் புதுசா ஒரு பாரம் ஏறும். சொல்லலன்னா, 'நல்ல தம்பி'ங்கற பேரை நான் ஓசியில வச்சிருக்கேன். எது சரின்னு புரியல. உங்கள்ல யாருக்காவது தோணினா பின்னூட்டத்துல சொல்லுங்க. அனானியா வந்து திட்டினாலும் பிரசுரிக்கறேன்.

சொந்தக்காரங்க இன்னைக்கும் ரிப்போர்ட் அனுப்பி, "பார்த்துச் சொல்லுடா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே"ம்பாங்க. நான் திருப்பிக் கேக்கறது: ஆளு எப்படி இருக்காங்க, எத்தனையாவது நாள், என்ன மருந்து ஓடுது, இதுக்கு முந்தின ரிப்போர்ட் எங்க? அதையெல்லாம் எழுதி வச்சுட்டு டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லிடறேன். 'நார்மல்'ங்கற வார்த்தையை மட்டும் நான் சொல்றதில்ல.

பி.கு: நான் டாக்டர் இல்ல. இந்தப் பதிவுல இருக்கற எண்ணை வச்சு உங்க ரிப்போர்ட்டை நீங்களே படிக்க ஆரம்பிச்சுடாதீங்க, ப்ளீஸ். அதுக்காகத்தான் இவ்ளோ பெரிய பதிவே.